கடை கம்ப்யூட்டர்ல வந்த மெயில் வேற எங்கயும் வரல, ஏன்? பாப்3 வைக்கணுமா ஐமேப் வைக்கணுமா?

கடையில ஒரு கம்ப்யூட்டர், வீட்ல ஒண்ணு, கைல ஃபோன்னு வச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். வேலை பாக்குற பையன் மேல சந்தேகப்படாதீங்க, மொதல்ல மெயில் ஆப் செட்டிங்ஸ்ல பாப்3ன்னு இருக்கான்னு பாருங்க. பாப்3, ஐமேப் ரெண்டும் சர்வர்லேர்ந்து மெயில எடுக்குற முறைங்க. அந்தப் பையனா நான் இருந்திருக்கேன், அதான் சொல்றேன்.

2012ல கம்பத்துல ஒரு ஏலக்கா வியாபாரிகிட்ட கணக்கு எழுதிட்டு இருந்தேன். ஆபீஸ் கம்பத்துல, குடோன் குமுளில, ரெண்டுக்கும் ஒரே மெயில் ஐடி. குமுளில அவுட்லுக்ங்கற மெயில் ஆப், கம்பத்துல நான் பிரவுசர்ல பாப்பேன். டெல்லி பார்ட்டி ஆர்டர் அனுப்பியாச்சுன்னு ஃபோன் பண்ணுவார், இங்க இன்பாக்ஸ் காலியா கிடக்கும். குமுளில இருந்தவர் எனக்கும் வந்திருக்கும்னு விட்டுருவார். ஒருநாள் லோடு ஏத்துறவங்க முன்னாடியே மொதலாளி கேட்டார், "ஏம்ப்பா, மெயில நீ அழிச்சுட்டியா?"

ராத்திரி தூக்கம் வரல. அப்புறம் ஒண்ணு கவனிச்சேன், குமுளில கரண்ட் இல்லாத அன்னைக்கு மட்டும் எனக்கு மெயில் ஒழுங்கா வருது! பேரேட்டுக் கடைசிப் பக்கத்துல ரெண்டு வாரம் தேதி போட்டு எழுதினேன், அப்படியே பொருந்துச்சு.

விஷயம் இதுதான். மெயில் தபால்காரர் மாதிரி நம்ம வாசலுக்கு வர்றதில்ல, சர்வர்ல ஒரு பெட்டில கிடக்கும், நம்ம ஆப் போய் எடுக்கணும். பாப்3 1988ல வந்தது, கொஞ்ச நேரம் லைன் போட்டு எடுத்துட்டு கட் பண்ற காலத்துக்குச் செஞ்சது. மெயில இறக்கும், அழிக்கச் சொல்லி வச்சிருந்தா அடையாளம் போடும், க்விட்னு சொல்லி வெளிய வர்றப்பதான் நிஜமா அழிக்கும். குமுளி மெஷின் அதைத்தான் தினமும் செஞ்சிருக்கு. ஐமேப் 1986ல ஸ்டான்ஃபோர்டுல மார்க் கிறிஸ்பின் ஆரம்பிச்சது, அதுல மெயில் சர்வர்லயே இருக்கும், ஒரு இடத்துல படிச்சா எல்லா இடத்துலயும் படிச்சதா காட்டும்.

நேர்ல காட்டலாம்னு குமுளி கிளம்பினா மலைப்பாதைல மண்ணு சரிஞ்சு கம்பம்மெட்டு சுத்திப் போனேன், அரை நாள் போச்சு. ஒவ்வொரு மழைக்கும் இதே பாடுதான், ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுல இருக்கிற எங்கள யார் கேக்குறா? சரி விடுங்க. அங்க 'சர்வர்ல காப்பி இருக்கட்டும்'ங்கற டிக் எடுத்திருந்துச்சு. செட் பண்ணவரையும் குறை சொல்ல மாட்டேன், பெட்டி நிரம்பிடும்னுதான் எடுத்திருக்கார். பாப்3ய திட்டுறேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கவங்களுக்கு அது போதும்.

மொதலாளி பாத்துட்டு "சரி, மாத்திரு"ன்னார். அழிச்சியான்னு கேட்டதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அது இன்னும் ஆறல.

நீங்க ஐமேப் போடுங்க, செட்டிங்ஸ்ல போர்ட்னு நம்பர் கேக்குற இடத்துல 993. ஆனா அதுல ஃபோன்ல அழிச்சா எல்லா இடத்துலயும் போயிரும். பழைய பாப் அக்கவுண்ட்ட அவசரப்பட்டு எடுத்துறாதீங்க, இறக்கி வச்ச மெயில் அந்த ஒரு மெஷின்ல மட்டும்தான் இருக்கும், ஐமேப் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டுட்டு அப்புறம் எடுங்க.