பழைய மேக்கில் என்ன மாற்றலாம், எதை வாங்கக் கூடாது: கேள்வி பதில்

2016 தொடக்கத்தில் கடையில் புதிதாக வாங்கிய 13 அங்குல மேக்புக் ப்ரோ, டிவிடி டிரைவ் உள்ளது. ரொம்ப மெதுவாக ஓடுகிறது. விற்றுவிடலாமா சார்?

விற்காதீர்கள். அந்த மாடல் வந்தது 2012 ஜூனில். ஆப்பிள் அதையே 2016 அக்டோபர் வரை விற்றது. வாங்கிய ஆண்டை விடுங்கள், மாடல் வெளியான ஆண்டைப் பாருங்கள்.

பிரித்து வேலை செய்ய இது அருமையான மெஷின். அடிமூடியில் 10 ஸ்க்ரூ, ஃபிலிப்ஸ் 00. அதில் மூன்று நீளம்; எது எங்கிருந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) டிடிஆர்3 1600 வகை, 8 ஜிபி இரண்டு போடுங்கள். ஆப்பிள் கணக்கில் உச்சம் 8 ஜிபி, ஆனால் 16 ஓடும். பிறகு பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்). பழைய டிஸ்கின் பக்கவாட்டில் உள்ள நாலு டி6 ஸ்க்ரூவைக் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள்.

அதன் பிறகும் மெஷின் உறைந்து நின்றால் எஸ்எஸ்டியைச் சந்தேகிக்கும் முன், டிஸ்கை போர்டோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் கேபிளை மாற்றுங்கள். அலுமினிய உடலில் உரசி உரசியே இந்த மாடலில் அது போகும். புதுக் கேபிள் படும் இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

2017 மேக்புக் ஏரில் ரேமை 16 ஜிபி ஆக்க முடியுமா?

முடியாது, போர்டிலேயே சால்டர் செய்தது (ஈயம் வைத்துப் பற்றியது, கழற்ற முடியாது). எஸ்எஸ்டியை அடாப்டர் வைத்து என்விஎம்இ என்ற வகை எஸ்எஸ்டிக்கு மாற்றலாம். பழைய எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே மேக்ஓஎஸ் ஹை சியராவோ அதற்கு மேலோ போட்டுவிடுங்கள். ஃபர்ம்வேர் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அதோடுதான் வரும். அது இல்லாவிட்டால் புது டிஸ்க் தெரியாது. இதிலும் பேட்டரி கனெக்டர்தான் முதலில்.

2015 ஏர், 4 ஜிபி. ரேம் கூட்டலாமா அண்ணா?

மேலே உள்ள பதில்தான்.

2014 மேக் மினி, ரேம்?

சால்டர். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், கேட்கும் முன் மாடலின் ஆண்டைப் பாருங்கள். 2012 மினியில் ரேம் மாற்றலாம், நாலு கோர் (வேலையைப் பங்கிட்டுச் செய்யும் ப்ராசஸர் பகுதிகள்) உள்ள மாடலும் கிடைத்தது. 2014-ல் இரண்டும் போயின. அடுத்த மினி வர 2018 ஆனது.

நல்ல மெஷினை ஆப்பிள் ஏன் மாற்ற வேண்டும்? 2013 மேக் ப்ரோ டெஸ்க்டாப் ஆறு வருடம் விற்றதே!

மாற்ற வழியில்லாமல் விற்றார்கள். நடுவில் முக்கோண ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சும் உலோகம்), ஒரு பக்கம் சிபியு, இரண்டு பக்கம் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்), மேலே ஒரே ஃபேன். சூடு மூன்று பக்கமும் பங்காகும் என்று போட்ட கணக்கு. ஆனால் தொழில் ஒரே பெரிய ஜிபியு பக்கம் திரும்பியது. அவ்வளவு சூட்டை ஒரு பக்கம் தாங்காது. வெப்ப விஷயத்தில் மூலையில் மாட்டிக்கொண்டதாக ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே 2017 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். மாற்று மாடல் 2019 டிசம்பரில்தான் வந்தது.

அந்த ஏப்ரலிலேயே அதே விலைக்குக் கூடுதல் கோர் கொடுத்தார்களே?

கொடுத்தார்கள். 2,999 டாலருக்கு நாலு கோர் ஆறானது. சிப் மட்டும் அதே 2013 தலைமுறை இன்டெல் ஜியான். தாமதத்தைக்கூட மன்னிப்பேன், நாலு வருடப் பழைய பாகத்துக்குப் புது மெஷின் விலை கேட்டதை மன்னிக்க மாட்டேன். அதை நம்பி ஸ்டூடியோ வைத்தவர்கள் எத்தனை பேர்!

ஐபோன் பேட்டரி எங்கே மாற்றலாம்?

என் துறை இல்லை. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

எம்2 சிப் போட்ட மேக்புக் ஏர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி டிஸ்க், மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். எம்2-வின் 256-ல் ஒரே ஒரு நாண்ட் சிப் (டிஸ்கின் சேமிப்புச் சிப்), எம்1 ஏரைவிட டிஸ்க் வேகம் குறைவு. 8 ஜிபி நிரம்பி டிஸ்கைத் தொடும்போது அந்தக் குறை இரட்டிப்பாகத் தெரியும். 2024 அக்டோபரிலிருந்து எம்2 ஏரே 16 ஜிபியில்தான் தொடங்கியது. பெட்டியில் 16 என்று இருந்தால் மட்டும் எடுங்கள்.