'இல் ஸ லா பெத்' என்றால் என்ன?

வணக்கம். உடன் வேலை செய்பவர் மேலாளரைப் பற்றி பிரெஞ்சில் 'இல் ஸ லா பெத்' என்றாராம், பிரெஞ்சு அகராதியில் 'பெத்'தின் மூல வினையான 'பேத்தே'வுக்குக் குசு விடுவது என்று இருக்கிறதாம், குழம்பிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அகராதி சொல்வது சரிதான். ஆனால் 'ஸ லா பேத்தே' என்று சேர்ந்து வந்தால் பொருளே வேறு: ஓவராக அலட்டிக்கொள்வது. நடுவில் உள்ள 'லா' எந்தப் பொருளையும் குறிக்கவில்லை, அதைத் தேடாதீர்கள்.

கொஞ்சம் கொச்சையான சொல் இது. நண்பர்களுக்குள் சரி, மேலாளர் காதில் விழும்படி வேண்டவே வேண்டாம்.

நீங்கள் முதலில் பழக வேண்டியது 'ஃப்ரிமே'. நம் 'சீன் போடுவது' அப்படியே இதுதான். புது கார் வாங்கியவன் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை அலறவிட்டு, ஒரே தெருவை மூன்று முறை சுற்றுகிறானே, அவன் 'ஃப்ரிமர்'. 'அரெத் த ஃப்ரிமே' என்றால் 'சீன் போடாதே'. பள்ளிப் பிள்ளைகள் வாயில் 'க்ரானே' என்றும் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'மா-த்யூ-வ்யூ'. சொல்லுக்குச் சொல் 'என்னைப் பார்த்தாயா?' நடிகர்கள் 'அந்த வேடத்தில் என்னைப் பார்த்தாயா' என்று கேட்டுக்கொள்வதிலிருந்து வந்து, பந்தா பேர்வழிக்கே பெயராகிவிட்டது!

அலுவலகத்தில் பேச, எழுத 'ஸ வான்தே' போதும். பெருமை பீற்றிக்கொள்வது என்று பொருள், கொச்சை இல்லை.