சமாரியம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் பிற உலோகங்களோடு குறித்த விகிதத்தில் சேர்ந்த இடையுலோகச் சேர்மங்களால் காந்தம் தவிர வேறு பயன் உண்டா? உலோகங்களை உருக்கிக் கலந்தாலே கிடைத்துவிடாதா?

பயன் உண்டு. உருக்கிக் கலந்தால் மட்டும் கிடைக்காது.

சாதாரண உலோகக்கலவையில் அணுக்கள் இடம் பார்க்காமல் உட்காரும். இடையுலோகச் சேர்மத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் குறித்த இருக்கை உண்டு. அதில் ஆள் மாறினால் பொருளின் வேலையே மாறிவிடும். சமாரியம் 1, கோபால்ட் 5 என்ற அணு விகிதச் சேர்மம், கியூரி வெப்பநிலை (காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை) 700 டிகிரி செல்சியசைத் தாண்டும் காந்தம். அதே படிக அமைப்பில் லாந்தனம் 1, நிக்கல் 5 வைத்தால் காந்தமாக உதவாது; ஆனால் அறை வெப்பநிலையில், சில வளிமண்டல அழுத்தத்திலேயே, ஓர் அலகுக்குச் சுமார் 6 ஹைட்ரஜன் அணுக்களை உறிஞ்சும். எடைக்கணக்கில் இது 1.4 சதவீதம்தான், எனவே வாகனத் தொட்டிக்குக் கனம். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் எதிர்மின்வாய் இதன் வழிவந்ததே. உறிஞ்சும்போது கன அளவு ஏறக்குறைய கால் பங்கு வீங்குவதால் ஏற்றி இறக்க ஏற்றி இறக்கப் பொடியாகும். புதிதாகத் திறக்கும் பரப்பை பேட்டரியின் காரக் கரைசல் அரிக்கும். நிக்கலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கோபால்ட், மாங்கனீசு, அலுமினியம் சேர்ப்பது இதற்காகத்தான்.

எனக்குப் பிடித்தது, காந்தப்புலத்தில் நீளும் டெர்ஃபினால்-டி என்ற பொருள். டெர்பியம்-இரும்புச் சேர்மம் காந்தப்புலத்தில் நன்றாக நீளும், ஆனால் அதன் காந்தத் திசையைத் திருப்பப் பெரும்புலம் வேண்டும். டிஸ்ப்ரோசியம்-இரும்பின் பிடிவாதம் நேர் எதிர்த்திசை. டெர்பியம் 0.3, டிஸ்ப்ரோசியம் 0.7, இரும்பு சுமார் 2 என்று சேர்த்தால் இரண்டு பிடிவாதமும் அடிபட்டு நீட்சி மிஞ்சும்: மீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில். கடலடி ஒலிக்கருவிகளுக்கு இது போதும். இழுத்தால் உடையும், முன்கூட்டியே அழுத்தம் கொடுத்துத்தான் பொருத்த வேண்டும்.

செய்முறைக்கு வருவோம். ஆர்கான் வாயு நிரப்பிய மின்வில் உலையில் முதலில் டைட்டானியத் துண்டை உருக்கி மிச்ச ஆக்சிஜனைப் பிடிக்கவிடுங்கள். பிறகு மாதிரியைப் புரட்டிப் புரட்டி 4, 5 முறை உருக்கி எடை பாருங்கள். இழப்பு 1 சதவீதத்தைத் தாண்டினால் விகிதத்தை நம்ப முடியாது. சமாரியம் எளிதில் ஆவியாகும், கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள். இட்டெர்பியம் 1196 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை டாண்டலம் உலோகக் குழலில் அடைத்துத்தான் சூடாக்க வேண்டும். மாதிரியைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்துச் சூட்டில் வைத்துப் பதப்படுத்தும்போதும் டாண்டலம் தாளில் சுற்றுங்கள், இல்லையேல் அருமண் அந்தக் குழாயைத் தின்றுவிடும்.

நியோடிமியம்-இரும்பு-போரானில் தொல்லை வேறு. மெதுவாகக் குளிர்ந்தால் இரும்பு முதலில் தனியே படிகமாகி, எளிதில் காந்தத் திசை மாறும் மென்காந்தமாக உள்ளே நின்று, எதிர்ப்புலத்திலும் காந்தத்தன்மையை இழக்காத தாங்குதிறனைக் கெடுக்கும். ஆலைகளில் உருகலைச் சுழலும் செப்பு உருளைமேல் ஊற்றி மெல்லிய செதில்களாகச் சட்டென உறையவைப்பது அதனால்தான்.