பேஸ் கிட்டாருக்கு ஓவர்டிரைவ், ஃபஸ் பெடல் எப்படித் தேர்ந்தெடுப்பது? பவர் எப்படிக் கொடுப்பது?

ஓவர்டிரைவ், ஃபஸ் இரண்டுமே ஒலியைக் கரகரப்பாகச் சிதைக்கும் பெடல்கள். முதலில் பெடலில் பிளெண்ட் குமிழ் (சிதைந்த ஒலியோடு சுத்தமான ஒலியைக் கலக்கும் குமிழ்) இருக்கிறதா என்று பாருங்கள். பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. டியூப் ஸ்க்ரீமர் போன்ற கிட்டார் ஓவர்டிரைவ்களோ சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினை (ஒலிப் பெருக்கத்தை) குறைத்துவிடும். டிரம்ஸோடு வாசிக்கும்போது அடிநாதமே காணாமல் போகும். பிளெண்டில் சுத்தமான ஒலியைக் கலந்தால் அது திரும்பிவிடும். ஃபஸ்ஸுக்கு இது இன்னும் அவசியம் என்பேன். ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் இயங்கும் சுற்று கொண்டது) என்றால், ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய ஃபஸ் பெடலின் வகைகளை உங்கள் பேஸிலேயே வாசித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். சில கீச்சென்று ஒலிக்கும்.

சரி, பவர். பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். அடாப்டரில் மில்லிஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. வோல்டேஜ் கூடினால்தான் ஆபத்து. பழைய பாணி பிஎன்பி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஃபஸ்கள் பல பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது பவரின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்டோடு இணைந்திருக்கும். அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே டெய்சி செயினில் (ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குப் பிரியும் கம்பியில்) மாட்டவே மாட்டாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும். தனி பேட்டரி போதும்.