பறவை ஆராய்ச்சியில் பிழைப்பு உண்டா? பாலக்கோட்டிலிருந்து ஒரு தாயின் கேள்வி

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, பயாலஜி குரூப். காட்டுப் பறவைகளை ஆராயப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். நர்சிங் சேர்த்தால் உடனே வேலை என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?

பதில்: பிழைப்பு உண்டு அம்மா, ஆனால் தாமதமாக வரும். டிகிரி முடித்த கையோடு சம்பளம் வந்தால்தான் வீடு ஓடும் என்றால் நர்சிங்கே சரி. ஐந்தாறு ஆண்டு பொறுக்க முடியுமென்றால் மேலே படியுங்கள்.

பறவை என்று பெயர் போட்ட இளநிலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள். எந்தப் பறவை எங்கே எத்தனை இருக்கிறது, எப்படி நடந்துகொள்கிறது என்பதில் ஆர்வமா, அல்லது எதனால் நோயுற்றுச் சாகிறது என்பதிலா? முன்னதற்கு பி.எஸ்சி. விலங்கியல் போதும். பின்னதற்குக் கால்நடை மருத்துவம். பி.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டுப் பிறகு மருத்துவப் பக்கம் தாவுவது கடினம், அதனால் இந்த ஒரு முடிவை மட்டும் இப்போதே எடுக்க வேண்டும்.

கால்நடை மருத்துவம் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. மாநில ஒதுக்கீட்டுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இருக்கிறது. இந்தப் படிப்பின் வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டு: மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்த நோய்க்கூறு ஆய்வில்தான் இது தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கான அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. இந்த மாதிரி வேலை பிடிக்குமென்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

விலங்கியல் என்றால் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பக்கத்தில் கிடைக்கும் கல்லூரி போதும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அடுத்து முதுநிலை. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் முதுநிலைப் படிப்புகளுக்கு இந்தியா முழுவதிலுமிருந்து போட்டி. அங்கே மதிப்பெண்ணோடு களப் பழக்கமும் எடுபடும். கோவை ஆனைக்கட்டியில் 1990இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஆய்வுத் திட்டப் பணிகள் வரும்.

களப் பழக்கத்துக்குக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம், காப்புக்காட்டில் நுழைய வனத்துறை அனுமதியும் வேண்டும். உங்கள் ஊர் ஏரியே போதும். மாதம் இரண்டு முறை, விடிந்து மூன்று மணி நேரத்துக்குள், ஒரே கரையில், வெயில் முதுகில் படும்படி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, இனம், எண்ணிக்கை எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அதை வைத்து மொத்தத்தைக் கணக்கிடலாம். அதையே பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் தேதியோடு நிற்கும், நேர்காணலில் காட்டலாம்.

பிள்ளைகள் சறுக்குவது எங்கே தெரியுமா? அரிய பறவை வந்த நாளை மட்டும் எழுதி, ஒன்றுமில்லாத நாளை விட்டுவிடுகிறார்கள். ஒன்றுமில்லை என்பதும் தரவுதான். அது இல்லாமல் பறவை குறைந்ததா கூடியதா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, ப்ராஜெக்ட் என்று கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரும். வலை போட்டுப் பிடித்து வளையம் மாட்டவும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஏரியில் பறவைகள் கொத்தாகச் செத்துக் கிடந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். தொடவே கூடாது, கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

வேலைக்கான சாவி சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற ஆராய்ச்சித் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். பறவை மட்டும் தெரிந்தவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பாடத்திட்டத்தின் 13 அலகுகளில் சூழலியலும் நடத்தையும் சிறு பங்குதான், மற்றதில் செல், மரபணு, உயிர்வேதியியல் நிறைய. வினாத்தாளின் மூன்றாம் பகுதியில் 75 கேள்விகளில் 25க்கு எழுதினால் போதும் என்பது ஆறுதல். புள்ளியியலையும் அதற்கான 'ஆர்' (R) மென்பொருளையும் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கட்டும். பறவை பார்க்கத் தெரிந்த பத்துப் பேரில் கணக்குப் போடத் தெரிந்தவரைத்தான் எடுப்பார்கள், இது என் கணிப்பு.

ஆய்வுத் திட்டப் பணிகள் ஒப்பந்தம்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அடுத்தது வரும்வரை சில மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க நேரும். அந்த நாட்களுக்கு வனத்துறைத் தேர்வுகளைத் தயாராக வைத்திருக்கலாம். விலங்கியல் பட்டம் இந்திய வனப்பணித் தேர்வுக்கும் செல்லும்.

பைனாகுலர் வாங்கித் தருவதானால் 8x42 என்று கேளுங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. 20 மடங்கு என்று விற்பதில் கை நடுங்கினால் பறவையே தெரியாது. மகள் கண்ணாடி போடுபவரென்றால் கண்ணாடியோடு பார்க்க வைத்து, காட்சி முழுதாகத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.