ஹார்டுவேர் வாலட் வாங்கிய பிறகு “24 வார்த்தைகளைச் சரிபாருங்கள்” என்று மெயில் வருகிறது, நம்பலாமா?

கம்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: லெட்ஜர் என்ற ஹார்டுவேர் வாலட் (கிரிப்டோ காசின் ரகசிய சாவியை வைத்திருக்கும் சிறு கருவி) வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. அந்த வாலட்டைத் திரும்ப மீட்க உதவும் ரகசிய வார்த்தைகள்தான் 24 வார்த்தைகள். “உங்கள் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) பழையதாகிவிட்டது, 24 வார்த்தைகளை இந்தப் பக்கத்தில் சரிபார்க்காவிட்டால் வாலட் முடங்கிவிடும்” என்று மெயில் வந்திருக்கிறது. இது உண்மையா, இந்தக் கருவியை எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது?

அந்த மெயில் மோசடி. லிங்கைத் தொட வேண்டாம்.

ஒருவேளை வார்த்தைகளை அங்கே ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் காசை நகர்த்துங்கள். கையில் இன்னொரு கருவி இல்லையென்றால், எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) உங்கள் பெயரில் இருக்கும் டெபாசிட் முகவரிக்கே அனுப்புங்கள்; காசு எந்த நெட்வொர்க் வழியாகப் போகிறது என்பதை மட்டும் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியை ரீசெட் செய்து புது வார்த்தைகளோடு புது வாலட் தொடங்குங்கள். பின் நம்பரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பின் நம்பர் அந்தக் கருவிக்கு மட்டும்தான் பூட்டு. வார்த்தைகள் கிடைத்தவனுக்கு உங்கள் கருவியே தேவையில்லை. இலவச வாலட் செயலி ஒன்றில் அந்த 24 வார்த்தைகளையும் போட்டால், உங்கள் காசு முழுவதும் அவன் கைக்குப் போய்விடும்.

நான் குமுளியில் கம்ப்யூட்டர், மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் இருந்து சுமார் 23 கோடி டாலர் திருடப்பட்ட பிறகு, “சொந்தமாக வைத்துக்கொள்கிறேன்” என்று இந்தக் கருவியைத் தேடி வருகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அந்த முடிவு நல்ல முடிவுதான். ஆனால் கருவி எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் ரகசிய சாவி கருவியை விட்டு வெளியே வராது. அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அந்தச் சாவியின் எழுத்து வடிவம்தான் 24 வார்த்தைகள். அதை நீங்களே வெளியே சொல்லிவிட்டால் உலகத்தில் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

“என் மெயில் முகவரி அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அடுத்து கேட்பீர்கள். 2020-இல் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைத் தரவுகள் கசிந்தன. சுமார் 10 லட்சம் மெயில் முகவரிகள், அதில் ஏறக்குறைய 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர். அந்த வருடம் டிசம்பரில் எல்லாவற்றையும் இணையத்தில் பொதுவில் கொட்டிவிட்டார்கள். மெயிலோடு நிற்கவில்லை. 2021-இல் சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது. கம்பெனி லெட்டர்ஹெட் போல அச்சடித்து, கியூஆர் கோடு போட்ட கடிதங்களும் வந்திருக்கின்றன. நீங்கள் அதற்குப் பிறகு வாங்கியிருந்தாலும், கிரிப்டோ தொடர்பாக எங்கே மெயில் முகவரி கொடுத்திருந்தாலும், இப்படிப்பட்ட பட்டியல்களில் ஏதோ ஒன்றில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரும் மாடலும் தெரிந்திருப்பதால் மட்டும் எதிரில் பேசுகிறவர் கம்பெனி ஆள் ஆகிவிட மாட்டார்.

எல்லைப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. ஏலக்காய் வியாபாரி ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டபடியே கடைக்குள் வந்தார். பேசியவன் கம்பெனி சப்போர்ட் என்று சொல்லி மலையாளத்தில் ஆரம்பித்து, இவர் தமிழ் என்று தெரிந்ததும் சரளமான தமிழுக்கு மாறினான். “அண்ணே, எல்லா வார்த்தையும் வேண்டாம், முதல் வார்த்தை மட்டும் சொல்லுங்க, சிஸ்டத்துல சரியா இருக்கான்னு பாத்துடறேன்.” வார்த்தைகள் எழுதிய அட்டை கவுண்டர் மேல் விரித்திருந்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “திருப்பிக் கூப்பிடறோம், டிக்கெட் நம்பர் சொல்லுங்க” என்றேன். லைன் கட்டாகிவிட்டது. “நம்ம பாஷையில பேசினான், அதனால நம்பிட்டேன்” என்றார் அவர். முதல் வார்த்தையைக் கேட்பது அவர்கள் பழக்கம். ஒன்றைச் சொல்லிவிட்டால் இரண்டாவதைச் சொல்வது சுலபமாகிவிடும். மெயில், போன், டெலிகிராம், வாட்ஸ்அப் என்று எந்த வழியாக வந்தாலும், எந்த மொழியில் பேசினாலும், வார்த்தையைக் கேட்டால் திருடன்தான். உண்மையான சப்போர்ட் ஆட்கள் ஒரு வார்த்தையைக்கூடக் கேட்க மாட்டார்கள். அந்த 24-ஐயும் அடிக்க வேண்டிய ஒரே இடம் கருவிதான். வாலட்டைத் திரும்பக் கொண்டுவரும்போது மட்டும்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பது தேவையான வேலைதான். ஆனால் மெயில் லிங்க் வழியாக வேண்டாம். கருவியோடு பயன்படுத்தும் கம்பெனிச் செயலியைத் திறந்தால் அதுவே சொல்லும். அந்தச் செயலியையும் கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தைத் தட்டி இறக்காதீர்கள். கம்பெனி தளத்தின் முகவரியைப் பார்த்து அடித்து, புக்மார்க் செய்துகொள்ளுங்கள். ஸ்டோரில் இருப்பதாலேயே நம்பவும் முடியாது. 2021-இல் ஆப்பிள் ஸ்டோரில் ட்ரெஸர் (இன்னொரு ஹார்டுவேர் வாலட்) பெயரில் போலிச் செயலி இருந்தது, 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் போலி லெட்ஜர் செயலி இருந்தது. இரண்டிலும் மக்கள் காசை இழந்தார்கள்.

கருவியை செகண்ட்ஹேண்டில் வாங்கவே வேண்டாம். பெட்டிக்குள் வார்த்தைகள் முன்கூட்டியே அச்சடித்தோ எழுதியோ இருந்தால், அது அனுப்பியவனுடைய வாலட். ஒரு பைசாகூடப் போடாதீர்கள். வார்த்தைகளைக் கருவிதான் உங்கள் கண்முன்னே திரையில் உருவாக்கிக் காட்ட வேண்டும்.

எழுதி வைப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். போனில் போட்டோ எடுத்தால் அது தானாக கிளவுடுக்குப் போய்விடும். தனக்குத் தானே வாட்ஸ்அப் அனுப்புவதும் அதே கதைதான். குமுளியில் ஜூன், ஜூலை ஈரத்தில் அலமாரிக் காகிதம்கூட நமுத்துப் போகும், ஜெல் பேனா மை பரவிவிடும். அதற்காக லேமினேஷன் கடைக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ எடுத்துப் போகாதீர்கள், பட்டறையில் கொடுத்து தகட்டில் பொறிக்கவும் சொல்லாதீர்கள். எழுத்தை நீங்களே குத்திக்கொள்ளும் ஸ்டீல் தகடுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் நான்கு எழுத்து இருந்தாலே போதும். இந்த 24-உம் எடுக்கப்படும், 2048 வார்த்தைகள் கொண்ட ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்து ஒரே மாதிரி உள்ள இரண்டு வார்த்தைகள் கிடையாது. இரண்டு பிரதி செய்து இரண்டு வீடுகளில் வையுங்கள். 12 இங்கே, 12 அங்கே என்று பிரிக்க வேண்டாம். ஒரு பாதி தொலைந்தால் எல்லாமே போச்சு.

கருவி தொலைந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். லெட்ஜரில் பின் நம்பரை மூன்று முறை தவறாகப் போட்டால் எல்லாம் அழிந்துவிடும். வார்த்தைகளை வைத்துப் புதுக் கருவியில் மீட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது அந்தச் சின்னத் திரை. காசு அனுப்பும்போது கம்ப்யூட்டர் காட்டுவதை நம்பாதீர்கள். காப்பி செய்த முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து உங்கள் நண்பர் முகவரி போலவே இருக்கும் ஒரு முகவரியிலிருந்து சிறு தொகை அனுப்பி, உங்கள் ஹிஸ்டரியில் இடம் பிடித்துக் காத்திருப்பவர்களும் உண்டு. அதனால் முழு முகவரியையும் கருவித் திரையில் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் புரியாத எழுத்துக் குவியல் மட்டும் வந்து ஒப்புதல் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதற்கு ஒப்புதல் கொடுப்பது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுதான். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது. கையெழுத்திட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட் இருந்தது. அவர்கள் பார்த்த இணையப் பக்கம் மாற்றப்பட்டிருந்தது. அது ஒன்றைக் காட்டியது, அவர்கள் ஒப்புதல் கொடுத்தது வேறொன்றுக்கு.

காசு போய்விட்டால் உடனே 1930-க்கு அழைத்து, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். கேரளம், தமிழ்நாடு இரண்டுக்கும் அதே நம்பர்தான். “நாங்கள் மீட்டுத் தருகிறோம், கமிஷன் முன்பணம் கட்டுங்கள்” என்று வருகிறவர்கள் இரண்டாவது முறை சுரண்ட வருகிறவர்கள். காசைப் பறிகொடுத்தவர் மனம் எந்த வார்த்தையையும் பிடித்துக்கொள்ளத் துடிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் அவரைத் தனியாக விடாதீர்கள்.

உங்கள் கருவியில் பெரிய தொகை போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சிறு தொகை மட்டும் அனுப்பி, கருவியை வேண்டுமென்றே ரீசெட் செய்து, நீங்கள் எழுதி வைத்த அட்டையைப் பார்த்து வார்த்தைகளைக் கருவியிலேயே போட்டு மீட்டெடுங்கள். பழைய முகவரியும் அதே தொகையும் தெரிந்தால் மீதியை மாற்றலாம். தெரியாவிட்டால் எழுதியதில் எங்கோ பிழை இருக்கிறது. சிறு தொகையோடு போகட்டும் என்று விட்டு, புது வார்த்தைகளை உருவாக்கி, இன்னொரு முறை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.