சம்புப் புதருக்குள் மறைந்திருக்கும் பறவையைக் குரலை வைத்து மட்டும் அடையாளம் காண முடியுமா?

பாரூர் ஏரிக்கரையில் ஆடி மாதம் தொடங்கியதிலிருந்து இரவிலும் விடியலிலும் சம்புக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்பதாகவும், "முதலில் குறட்டை, பிறகு ஒரே சீராகக் கூக் கூக்" என்று அது நீள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வருணனையிலேயே விடை பெரும்பாலும் இருக்கிறது. அது கானாங்கோழி; நூல்களில் வெண்மார்புக் கானாங்கோழி என்பார்கள்.

அதே ஏரியில் முதன்முறை கேட்டபோது அதைத் தவளை என்றே நினைத்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தாம், "தவளைன்னா நாலு சேர்ந்து கத்தும் தம்பி, இது ஒத்தையா கத்துது பாரு, கானாங்கோழி" என்று திருத்தினார். குரலின் தன்மையைவிட அதன் தாளத்தையே முதலில் கவனிக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கரகரப்பான 'க்ர்ர்-குவாக்-குவாக்' முனகல்கள் சில வந்தபின், நொடிக்கு ஒன்றோ இரண்டோ என்ற கணக்கில் 'கூக்' என்ற ஒற்றை ஒலி, சில வேளைகளில் 15 நிமிடங்களுக்கு மேலும் தொடரும்; செம்மார்புக் குக்குறுவானின் 'டுக் டுக்' போன்ற அடுக்குதான், ஆனால் சுருதி சற்று உயர்ந்தது. மழைக்காலம் அதற்கு இனப்பெருக்கக் காலம் என்பதால்தான் இப்போது இரவிலும் ஓய்வதில்லை.

அதே நீரில் வாழும் தாழைக்கோழி, திடீரென்று 'க்ரூக்' என்று ஒருமுறை வெடித்துவிட்டு அடங்கிவிடும். முக்குளிப்பானின் குரல் நடுங்கும் சிரிப்பைப் போன்றது, பெரும்பாலும் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வரும். நீளவால் இலைக்கோழியோ பூனைக்குட்டியைப் போல 'மியாவ்' என்னும்.

கைபேசியில் இரண்டு நிமிடமாவது பதிவு செய்து, 2005 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பறவைக் குரல்களைச் சேர்த்துவரும் சீனோ-காண்டோ தளத்தின் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். தொடக்கத்து முனகலைத் தவறவிடாதீர்கள், பின்வரும் 'கூக்' மட்டும் இருந்தால் குழப்பம் வரும். அந்தப் பதிவைக் கரையில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க மட்டும் முயல வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்ததாக எண்ணி அது அலைக்கழியும்.

நான் அன்று வெளிச்சம் வரும்வரை காத்திருந்தேன். குரல் நிற்கவில்லை; சம்பை ஒட்டிய வேலம்புதரின் உச்சிக்கு ஏறி வந்து, வெள்ளை முகமும் வெள்ளை மார்பும் தெரிய, வாலடியின் செம்பழுப்பைச் சொடுக்கிச் சொடுக்கிக் காட்டியபடி, அதே தாளத்தில் கூவிக்கொண்டிருந்தது.